பல்லில் கடித்த சிவப்பு நூல்

அம்மாவை அடக்கம் செய்த அன்று, சவப்பெட்டியைத் தூக்கும்போது என் கோட்டுப் பொத்தான் தெறித்து விழுந்தது. சவேலி குனிந்து எடுத்தான். பையிலிருந்து ஊசி நூல் எடுத்தான். ஒரு துண்டு நூலை அறுத்து என் வாயருகே நீட்டினான்.

"கடிங்கண்ணே. இல்லாட்டி அத்தை எந்திரிச்சு வந்து திட்டும்."

கடித்தேன். போட்டிருக்கும் துணியைக் கழற்றாமல் தைத்தால் அந்த ஆளின் புத்தியையும் சேர்த்துத் தைத்துவிடுவோம். பல்லிடுக்கில் நூல் இருந்தால் தப்பலாம் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் குளிர்பதனப் பொறியாளன். நானும் நம்புகிறேன்.

அம்மா பெயர் ரிம்மா அர்கீபவ்னா. முதலில் உருக்காலையில் கையுறை தைத்தாள். பிறகு ஆலையின் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தையல்காரி. ஜெர்சி, பெயர்ப் பட்டை, விடுதிப் பையன்களின் பொத்தல் காலுறை, எல்லாம் அவள் கைதான். பையன்கள் எல்லோருக்கும் அவள் அத்தை. அதே அரங்கில் பனித்தளத்தை உறைய வைப்பது என் வேலை. நான் சொல்லப்போகும் நாள்வரை அவள் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. தையல் அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பாள்.

"பார்த்தா அடிபடுறதும் தெரியும். கேட்டா கோல் மட்டும்தான் தெரியும்" என்பாள்.

சவேலி சிறு வயதிலேயே வடக்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து விளையாட்டு விடுதிக்கு வந்தவன். இளையோர் லீகில் கோல் கோலாகப் போட்டான். எல்லாம் ஒரே மாதிரி: மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்கி, வலையின் மேல் மூலையில். பத்தொன்பது வயதில் பெரிய அணிக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். வயதில் சின்னவன் கதவுப் பக்கம் உட்காருவான். பெரியவர்கள் களத்துக்குப் போகவும் வரவும் திறந்து விடுவான்.

"என்னடா வாட்ச்மேன், கதவுக்கு எண்ணெய் போட்டியா?" என்பான் கேப்டன் ஸூயெவ்.

"போட்டேண்ணே. மிச்சம் இருக்கு, உங்க முட்டிக்குப் போடவா?"

அந்த வருடம் பிப்ரவரி வந்துவிட்டது. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு மறுநாளோடு முடிகிறது. சவேலியைக் கீழ் லீகில் ஒரு தூரத்து ஊருக்கு அனுப்பப் பேசி முடித்தாயிற்று, பயிற்சியாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அங்கே போனவன் எவனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அன்று அவள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாள்.

காய்ச்சலில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. பயிற்சியாளர் வேறு வழியில்லாமல் கத்தினார்: "குதாஷேவ், இறங்கு!"

குதாஷேவ் என்பது சவேலிதான். இறங்கினான். இறங்கிய வேகத்தில் எதிராளியின் மட்டை அவன் கையில் மாட்டி, ஜெர்சி தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. சட்டை தொங்கிக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று நடுவர் பெஞ்சைக் காட்டிவிட்டார். மற்றவர்களுக்கு மாற்று ஜெர்சி உண்டு. கதவு திறப்பவனுக்கு எதற்கு என்று யாரும் தைக்கச் சொல்லவில்லை.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கழுத்துப்பட்டையில் குத்தி வைத்த ஊசியோடு வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் களத்தருகே.

"கழட்டுடா!"

"நேரமில்ல அத்தை, அப்படியே தைங்க!"

"அப்போ கடி." சிவப்பு நூலை வாயில் திணித்தாள்.

ஸூயெவ் எட்டிப் பார்த்தான். "வாயையும் சேர்த்துத் தைச்சிடுங்க அத்தை. ரொம்பப் பேசுறான்."

"உன் வாய்க்குச் சாக்கு ஊசி வேணும். தள்ளு, வெளிச்சம் மறைக்குது."

ஊசி ஏறி இறங்கியது. களத்தில் மோதல், கூச்சல், கண்ணாடி அதிர்ந்தது.

"குதாஷேவ்!" என்று கத்தினார் பயிற்சியாளர்.

"இன்னும் ரெண்டே தையல்!" என்றாள் அம்மா.

"ஆட்டம் உங்களுக்காக நிக்காது ரிம்மா அர்கீபவ்னா!"

நூலைப் பல்லால் அறுத்தாள். அவன் தடுப்பைத் தாண்டிக் குதித்தான், வாயில் நூலோடு. அம்மா முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்தாள்.

"க்ளெப், முழங்கைக் கவசத்தையும் சேர்த்துத் தைச்சிட்டேன். அவனால கையத் தூக்க முடியாது."

"தையல் அறைக்குப் போம்மா."

"போகமாட்டேன். என் தையலால அந்தப் பய ஊரை விட்டுப் போறான்னா, நின்னு பார்க்கணும்."

பார்த்தாள். ஸூயெவ் நடுக்களத்தில் பக் என்னும் ரப்பர் வட்டைப் பறித்து நீளமாகத் தள்ளினான். சவேலி பாய்ந்தான். எதிரே யாருமில்லை, கோல்கீப்பர் மட்டும். அரங்கம் மொத்தமும் எழுந்தது. கோல்கீப்பருக்கு இவனைத் தெரியும். மேல் மூலைக்கு வரும் என்று நிமிர்ந்தே நின்றான். சவேலி மட்டையை ஓங்கினான். கை இடுப்பைத் தாண்டவில்லை. மறுபடி இழுத்தான். வரவில்லை. அப்படியே தரையோடு தரையாக ஒரு தள்ளு.

பக் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது.

அந்தச் சத்தத்தில் என் கருவி அறையின் கதவு தானாகத் திறந்துகொண்டது. அம்மா பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். எப்போது ஏறினாள் என்று தெரியாது. "போட்டுட்டான்! நான் பார்த்தேன்! என் கண்ணால பார்த்தேன்!" என்று பயிற்சியாளரின் தோளில் குத்தினாள். மிச்ச நிமிடங்கள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. மூன்றுக்கு இரண்டு.

உடை மாற்றும் அறையில் ஜெர்சி கழலவில்லை. அம்மா கத்தரியோடு குனிந்தாள். சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

"இப்பவாவது நூலைத் துப்புடா."

"ம்ஹூம்." தலையை ஆட்டினான். கண் கதவிலேயே இருந்தது.

பயிற்சியாளர் உள்ளே வந்தார். கிழிந்த ஜெர்சிக் கையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு வெளியூர் ஆட்டம். பஸ் காலையில கிளம்பும். குதாஷேவ், உனக்கு ஜன்னல் சீட்டு. தூங்கிடாதே."

"அப்போ அந்தக் கையெழுத்து?" என்று அம்மா கேட்டாள்.

"எந்தக் கையெழுத்து? நீங்க இவனுக்கு இன்னொரு ஜெர்சி தைங்க. கை தூக்குற மாதிரி."

சவேலி அப்போதுதான் நூலைத் துப்பினான். ஐந்தாறு வருடமாக அடக்கி வைத்திருந்தது போல ஒரு மூச்சு விட்டான்.

"அத்தை, பசிக்குது. பெல்மேனிக் கொழுக்கட்டை இருக்கா?"

"இருக்கு. கைய ஆட்டாதே, வெட்டிடுவேன்" என்றாள் அம்மா. அவன் துப்பிய நூலை எடுத்துக் கழுத்துப்பட்டையில் செருகிக்கொண்டாள்.