போனக்காட்டின் புது கோல்கீப்பர்

கேரளத்து விதுராவில், போனக்காடு எஸ்டேட்டுக்கு ஏறும் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் எஸ்டேட் கால்பந்து அணியின் கேப்டன் செல்வராஜ். அடுத்த மாதம் சீசன் தொடங்குகிறதாம்.

"இந்த வருஷம் கப்பு நமக்குத்தான் சாரே, உறப்பு. சந்தேகமே வேண்டாம்."

"போன வருஷமும் இதைத்தானே சொல்லியிருப்பீங்க?"

"ரெண்டு கோல் முன்னால நின்னோம் சாரே. செகண்ட் ஹாஃப்ல இந்த பஸ்ஸு ஹாரன் அடிச்சுது. விட்டா மலையேறி நடக்கணுமே? மொத்த டீமும் பூட்ஸோட ஓடிவந்து ஏறிட்டோம்."

"இந்தத் தடவை ஹாரன் அடிக்காதா?"

செல்வராஜ் முன்பக்கம் கைகாட்டுகிறார். தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்க, டிரைவர் பழம்பொரி தின்றுகொண்டிருக்கிறார்.

"அவருதான் நம்ம புது கோல்கீப்பர்."

"பந்து பிடிப்பாரா?"

"எதுக்கு? ஆட்டம் முடியற வரைக்கும் கிரவுண்டுல நின்னா போதும் சாரே."