விளிம்பில் வெட்டிய பெயர்

கனடாவுக்கு வந்து நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஐரிஷ்காரர்களின் பழைய எழுத்தைத்தான். ஆங்கிலத்தை இன்றுவரை குத்துமதிப்பாக எழுதிச் சமாளிக்கிறேன். அந்த எழுத்தை மட்டும் பிழையில்லாமல் வெட்டுவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் கல்லறைக் கற்கள் செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. கருங்கல்லில் ரப்பர் தாளை ஒட்டி, எழுத்தின் வடிவத்தை அதில் வெட்டி எடுத்துவிட்டு, காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்து கல்லுக்குள் இறங்கும். முகமூடி போட்டிருந்தாலும் மாலையில் மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில்தான் வரும். செத்தவர்களை எரிக்கிற வழக்கமுள்ள வீட்டில் பிறந்தவன், புதைக்கிறவர்களுக்குப் பெயர் வெட்டிச் சாப்பிட்டேன்.

ஒருநாள் ஐரிஷ் குடும்பம் ஒன்று தகப்பனின் கல்லில் ஓகம் என்ற தங்கள் பழைய எழுத்தில் பெயர் வேண்டும் என்று கேட்டது. முதலாளி எழுத்துகள் அச்சடித்த தாளை என்னிடம் நீட்டி, உங்கள் ஆட்களின் எழுத்தும் இப்படித்தானே இருக்கும், நீயே செய் என்றான். எங்களுடையது முழுக்க வளைவு, அது முழுக்கக் கோடு. ஆங்கிலம் அல்லாத எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு தாளை வாங்கினேன்.

அந்த எழுத்துக்குக் கல்லின் விளிம்புதான் நடுக்கோடு. விளிம்பின் ஒரு பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை கீறல்கள், மறுபக்கமும் அப்படியே. சில கீறல்கள் விளிம்பைத் தாண்டிக் குறுக்கே போகும். உயிரெழுத்துகளுக்கு விளிம்பிலேயே சிறு பள்ளங்கள். கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். மணல் அடித்தால் விளிம்பு உதிர்ந்துவிடும் என்பதால் உளியால் மெல்ல மெல்லத் தட்டினேன். அந்தக் காலத்துக் கற்களில் வேறெதுவும் இருக்காதாம் என்று அந்த வீட்டு மகள் சொன்னாள். இன்னார், இன்னாரின் மகன். அவ்வளவுதான். எனக்கு அது பிடித்துப்போயிற்று. எங்களுக்கும் தகப்பன் பெயர் முன்னால் நின்றால்தானே ஆள் முழு ஆள்.

அந்த வசந்தத்தில்தான் ஊரில் தங்கிவிட்ட அண்ணாவின் செய்தி வந்தது. ஊரில் இருந்து புதிதாக வந்த ஒருவர் அப்பாவையும் என்னையும் ஒரு டோனட் கடைக்கு வரச் சொன்னார். களப்பை, அந்த உப்புநீர் ஏரியை, இரவில் கடந்த படகொன்றில் அண்ணா இருந்தார், நேவிக்காரர் படகைச் சுட்டார்கள், ஒருவரும் கரை சேரவில்லை என்றார். பின்னால் வந்த படகில் இருந்து அவரே கண்ணால் பார்த்தவர். அப்பா கோப்பியைக் கடைசி மிடறு வரை குடித்து முடித்தார். எப்படிக் குடித்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

"கொம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்றார் வெளியே வந்ததும்.

அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்து தையல் காயாத நேரம். அதிர்ச்சி ஒன்றும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அண்ணா வன்னிப் பக்கம் இருக்கிறார், அங்கே ரெலிபோன் வசதி இல்லை என்று இருவரும் ஒரே பொய்யைச் சொன்னோம். அம்மா நம்பினார். மூத்தவன் வந்து சேரவேண்டும் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்து வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருந்தார். விரதச் சோற்றை என் சாப்பாட்டுக் கோப்பையில் போடும்போதெல்லாம், "அவன் என்னத்தைத் தின்னிறானோ" என்பார்.

செத்தவருக்குச் செய்யவேண்டிய கிரியைகளும் நின்றுபோயின. நாங்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் கட்டடம் ஒன்றின் ஓர் அறை வீட்டில். ஒருவர் தும்மினால் மற்ற இருவருக்கும் கேட்கும். கோயிலில் வைத்தாவது அந்தியேட்டியைச் செய்வோம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தாய் உயிரோடை இருக்கேக்கை அவளுக்குச் சொல்லாமலோ?" என்றார்.

பட்டறையில் கழித்த கல் துண்டொன்றில் நான் ஓகம் பழகியிருந்தேன். அதை ஒருநாள் என் பையில் கண்டு, உது என்ன என்று அப்பா கேட்டார். விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டுப் போனார். சில நாள் கழித்து, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"அவன்ர பேரை வெட்டிக்கொண்டு வா. உந்த எழுத்திலை. கொம்மா வாசிக்கமாட்டா."

முழங்கால் உயரக் கருங்கல் துண்டொன்றில் வெட்டினேன். இன்னார், இன்னாரின் மகன். எங்கள் ஒலிகள் எல்லாவற்றுக்கும் அங்கே எழுத்தில்லை. கிட்டத்தட்ட வருவதைப் போட்டேன். வேலை செய்யும்போது அழவில்லை. முகமூடிக்குள் அழுதால் மூச்சு முட்டும்.

பால்கனியில் நின்ற கறிவேப்பிலைச் சாடிக்கு முட்டுக்கொடுக்க என்று சொல்லிக் கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தோம். "கனடாவிலை கல்லையும் விட்டுவைக்க மாட்டியளோ" என்று அம்மா பகிடி பண்ணினார். அப்பா கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, "எங்கை துவங்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். அடியில் இருந்த முதல் கீறலில் விரலை வைத்தேன். "விடு, காட்டாதை" என்று எழுந்துவிட்டார்.

அடுத்த நாளில் இருந்து அப்பா காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு செம்பு தண்ணீரோடு பால்கனிக்குப் போனார். அம்மாவுக்கு ஒரே புதினம். "கலியாணம் கட்டின காலத்திலை இருந்து ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தி நான் காணேல்லை. மனிசன் இப்பதான் திருந்துது." கேட்டுக்கொண்டு அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதைவிட பட்டறைத் தூசியே மேல் என்று நான் வேலைக்கு ஓடிவிடுவேன்.

குளிர் வந்தது. கறிவேப்பிலை பனியில் பட்டுவிடும் என்று அம்மா சாடியை உள்ளே எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா செம்போடு போவதை நிறுத்தவில்லை. நானும் அதை யோசிக்கவில்லை. பழகிப்போனால் கண்ணுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கட்டடத்தின் சூப்பரின்டென்டன்ட் கதவைத் தட்டினான். எங்கள் பால்கனியில் இருந்து ஐஸ் ஈட்டி போலத் தொங்குகிறது, கீழே போகிறவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு, யார் இங்கே தண்ணீர் ஊற்றுவது என்று கத்தினான். அம்மாவும் அவனோடு பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். கல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போலப் பனிக்கட்டிக்குள் நின்றது. அதன் தலையில் ஒரு செவ்வந்திப்பூ உறைந்து கிடந்தது.

அவன் போனதும் அம்மா கதவைச் சாத்தினார்.

"செடி உள்ளுக்கை நிக்குது. அப்ப நீங்கள் ஆருக்குத் தண்ணி ஊத்தினனீங்கள்?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "உது நீ பட்டறையிலை வெட்டிற எழுத்தெல்லோ. நீ வாசி."

வெந்நீர் ஊற்றிப் பனியைக் கரைத்தேன். அம்மாவின் விரலைப் பிடித்து அடியில் இருந்து ஒவ்வொரு கீறலாக மேலே கொண்டுபோனேன். பெயர் முடிய முன்னரே விரலை இழுத்துக்கொண்டார். நாங்கள் பயந்தது போல அவருடைய இதயம் நிற்கவில்லை. அவருக்கு வந்தது கோபம்.

"இவ்வளவு நாளும் செத்த பிள்ளைக்கெல்லோ நான் விரதம் பிடிச்சனான்! என்ர பிள்ளைக்கு அழ எனக்கு ஆரிட்டை உத்தரவு வாங்கோணும்?"

"உம்மட நெஞ்சு..." என்று தொடங்கினார் அப்பா.

"நெஞ்சு என்ர. பிள்ளையும் என்ர." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "உதை அழி. தமிழிலை எழுது. நான் வாசிக்கோணும்."

கல்லைத் துவாயில் சுற்றி, சப்வேயில் மடியில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். விளிம்பில் வெட்டியதை அழிக்க வேண்டுமானால் விளிம்பையே அரைத்து எடுக்க வேண்டும். அண்ணாவின் பெயர் தூசியாகி என் சப்பாத்தில் படிந்தது. அன்றுதான் முகமூடிக்குள் அழுதேன். பிறகு கல்லின் முகத்தில் அப்பாவின் பெயரையும் அதன் கீழ் அண்ணாவின் பெயரையும் தமிழில் இறக்கினேன். மறுபடியும் அந்த ஐரிஷ் எழுத்தா என்று முதலாளி எட்டிப் பார்த்துக் கேட்டான். ஓமென்று தலையாட்டிவிட்டேன்.

அம்மா பெயரை உரக்க வாசித்து, தலையில் அடித்து அழுதார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அந்த மாதமே ஐயர் வந்தார். அப்பா தர்ப்பையைப் போட்டுக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் குளித்து, செம்பை நிரப்பி, பால்கனிக் கதவைத் திறந்தார். கிரியை முடிந்து பால்கனிக்குத் திரும்பியிருந்த கல்லின் முகம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. காலை வெளியே வைக்காமல் அப்படியே நின்றார். திரும்பி வந்து செம்பை அம்மாவிடம் கொடுத்தார்.

"என்னாலை ஏலாது. அதிலை அவன்ர பேர் கிடக்கு."

அம்மாவுக்கு மட்டும் மறைக்கத்தான் அந்த எழுத்தில் வெட்டினோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு கீறலைக்கூட வாசிக்கத் தெரியாத அப்பா, அத்தனை மாதமும் ஒரு கல்லுக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை பால்கனிக்குப் போகவில்லை. கறிவேப்பிலைக்கும் கல்லுக்கும் அம்மாவே தண்ணீர் ஊற்றினார்.