கட்டைவிரலில் ஓடிய டிரெய்லர்

சவுதியில் பல வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் நான். ஐம்பது வயதை நெருங்கும்போது, மகளின் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டை விளையாடிக்கொண்டு வீட்டில் இருந்தேன். இதை எழுதும்போதுகூடக் காது மடல் சூடாகிறது.

எனக்கு முதல் வலிப்பு வந்தது அங்கே வைத்துத்தான், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. வண்டி தானாக ரோட்டை விட்டு மணலில் இறங்கிப் புதைந்து நின்றதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக்காரர்கள் பரிசோதனையெல்லாம் முடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார், இனி ஸ்டியரிங்கைத் தொடவும் கூடாது என்றார். பைக்கையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சிதறாலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மனைவி நாகர்கோவிலில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். காலையில் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நான் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்காருவேன். லீவில் வந்திருக்கிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருந்தோம். அந்த லீவு நீண்டுகொண்டே போனது. கடைப்பக்கம் போனால் "எப்ப திரும்பப் போறீரு?" என்று கேட்பார்கள் என்று கடைப்பக்கம் போவதையே நிறுத்தினேன்.

மகளுக்கு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. கல்லூரியில் யாரிடமோ கேட்டு அந்த விளையாட்டை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"அப்பா, சும்மா ஓட்டிப் பாருங்க. ஒங்களுக்குப் பிடிக்கும்."

கீபோர்டில் அம்புக்குறி போட்ட பொத்தான்கள்தான் ஸ்டியரிங். இடது பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் சக்கரம் முழுக்க ஒடிந்தது. வலது பக்கம் தட்டினால் வண்டி ரோட்டின் அந்தக் கரைக்குப் பாய்ந்தது. முதல் வளைவிலேயே டிரெய்லர் குடை சாய்ந்தது.

"இது லாரி இல்ல மக்ளே. கிறுக்கு பிடிச்ச ஆடு" என்று எழுந்துவிட்டேன். உண்மையில், என் கையில் வண்டி கவிழ்வதை மகள் பார்த்துவிட்டாளே என்று உள்ளுக்குள் குறுகிப்போயிருந்தேன்.

சில நாள் கழித்து அவள் ஒரு கேம்பேட் வாங்கி வந்தாள். இரண்டு கையாலும் பிடிக்கிற, கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு சின்னக் குச்சிகள் நிற்கிற கறுப்புச் சாமான். இடது குச்சியைத் திருப்பினால் ஸ்டியரிங் திரும்பியது. ஆனாலும் வண்டி எறும்பு கடித்ததுபோலத் துள்ளியது. என்னை அறியாமல் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஸ்டியரிங்னா தொட்ட உடனே திரும்பாது மக்ளே. நடுவுல கொஞ்சம் அசைச்சா வண்டி ஒண்ணும் செய்யாது. ஒடிக்க ஒடிக்கத்தான் பிடிக்கும்."

அவள் செட்டிங்கைத் திறந்தாள். குச்சியைத் தொட்டதும் பாய்கிற வேகத்தைக் குறைத்தாள். குச்சி நடுவில் நிற்கும்போது மெதுவாகவும் ஓரத்துக்குப் போகப்போக அதிகமாகவும் திரும்புகிற மாதிரி ஒன்று இருந்தது, அதைக் கூட்டினாள். விலை குறைந்த கேம்பேட் என்பதால் விரலை எடுத்தாலும் குச்சி சரியாக நடுவுக்கு வரவில்லை. வண்டி தானாக இடது பக்கம் சாய்ந்து போனது. ரோட்டை விட்டு இறங்குகிற அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நடுவில் கொஞ்ச தூரத்துக்குக் குச்சி அசைந்தாலும் கணக்கில் எடுக்காதபடி செய்தாள். வண்டி நேராக ஓடியது.

ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அடுத்த தலைவலி. பின்னால் இருந்த பொத்தான்களை அழுத்தினால் முழுசாக மிதிக்கும், விட்டால் ஒன்றுமில்லை. பாதி மிதி என்பதே கிடையாது. லோடு வண்டியை அப்படி மிதித்தால் பின்னால் உள்ளது முன்னால் வந்துவிடும். வலது குச்சியை மேலே தள்ளினால் ஆக்சிலேட்டர், கீழே இழுத்தால் பிரேக் என்று மாற்றிக்கொண்டோம். பிரேக்கின் பலத்தையும் குறைக்கச் சொன்னேன். டிரெய்லர் உடனே நிற்காது, நிற்கவும் கூடாது. இறக்கத்தில் எஞ்சினை வைத்தே வேகத்தைப் பிடிக்க இடது ஆள்காட்டி விரலுக்கு ஒரு பொத்தான். கியரைத் தானாக மாற விடாமல், கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. மேலே இருந்த இரண்டு பொத்தானையும் அழுத்தினால் இடது கண்ணாடியும் வலது கண்ணாடியும் திரையில் தெரியும்.

கடைசியில், லோடு ஏற்றிய வண்டியை ஒரு வட்டச் சாலையில் பையத் திருப்பினேன். டிரெய்லர் லேசாகச் சாய்ந்து, சாய்ந்தது நிமிர்ந்து என் பின்னால் வந்தது. நான் நாற்காலியில் உடம்பையும் சேர்த்துச் சாய்த்திருக்கிறேன். மகள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் பஸ் ஏறியதும் நான் வண்டி ஏறினேன். வேகக் கட்டுப்பாடு, சிக்னல், ஓய்வு எல்லாம் ஒழுங்காகப் பார்த்துத்தான் ஓட்டினேன். கேட் சத்தம் கேட்டால் உடனே திரையை அணைத்துவிடுவேன்.

கம்ப்யூட்டர் பார்ப்பதால் வலிப்பு வருமோ என்று மனைவிக்குப் பயம். அடுத்த முறை நாகர்கோவில் போனபோது டாக்டரிடம் அவளே கேட்டாள்.

"இவரு கம்ப்யூட்டர் பாக்கலாமா சார்?"

"என்ன வேலைக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். விளையாட என்று எப்படிச் சொல்வது? அவள்தான் சமாளித்தாள்.

"வீட்டுல இருந்து செய்யுத வேலை சார். கம்ப்யூட்டர் வேலை."

நன்றாகத் தூங்கி, இடையிடையே கண்ணுக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம், திரை வெட்டி வெட்டி மின்னினால் எழுந்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வரும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுக்கு வசதியாக அமைந்துவிட்டது. துணிக்கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர்களிடம் எல்லாம் நான் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியிருந்த தரகரிடமும் அதையே சொன்னாள். நானும் மறுக்கவில்லை.

மகள் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த சமயம். ஒரு வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தார்களாம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தரகர் கூட்டி வந்துவிட்டார். மனைவி கடையில். மகள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டை போடாமல், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு குறுகலான முற்றத்தில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தமும் கேட்கவில்லை, கூப்பிட்ட சத்தமும் கேட்கவில்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால், வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மாப்பிள்ளையின் அப்பா. அவர் பின்னால் பட்டுச்சேலையில் அவர் மனைவி. வாசலில் தரகர்.

ஹெட்போன் கழுத்தில் நழுவியது. சட்டையைத் தேடி எடுத்துப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டேன். மாப்பிள்ளையின் அப்பா திரையைக் குனிந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர் வேலைன்னுல்லா சொன்னாவ. இது வண்டி ஓட்டுத கேம் அல்லியா? எனக்க பேரனும் இதத்தான் விளையாடுதான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. உட்கார்ந்தார்கள். மகள் ஈரக்கையோடு எட்டிப் பார்த்துவிட்டுச் சாயா போட ஓடினாள்.

"நீரு சவுதில டிரெய்லர் ஓட்டினவருதானே?" என்று அவரே தொடர்ந்தார். "நல்ல வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு எதுக்கு இத வச்சு உருட்டிட்டு இருக்கீரு? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு கோட்டாறுல லாரி வச்சிருக்காரு. ஆளு கிடைக்காம அலையுதாரு. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போரும்."

"முதுகு வலி" என்றேன். "நேரா உக்கார முடியாது."

அதுவரை மணிக்கணக்காக நேராக உட்கார்ந்திருந்த நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். விளையாட்டை நிறுத்த மறந்திருந்தேன். கழுத்தில் கிடந்த ஹெட்போனிலிருந்து எஞ்சின் உறுமுகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது.

மகள் சாயாத் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"அப்பாக்கு முதுகு வலி இல்ல. வலிப்பு உண்டு. வண்டி ஓட்டும்போ வந்துது. டாக்டரு ஓட்டப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு. மாத்திரை போடுதாவ, இப்ப வாறதில்ல. சாயா எடுங்க."

தரகர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா, "அதெல்லாம் இந்தக் காலத்துல ஒண்ணும் இல்ல. நல்ல மருந்து உண்டு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார்கள். பையன் இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்று தரகர் மறுநாள் போனில் சொன்னார்.

மனைவி சத்தம் போட்டது என்னிடம்தான். "வாசக்கதவையாவது சாத்திட்டு விளையாடப்பிடாதா?" என்று கேட்டுவிட்டுச் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மகளிடம் திரும்பி, "ஒனக்கு எதுக்குட்டி இந்த வாய்?" என்றாள்.

"அந்த வீட்டுல போயி ஆயுசு முழுக்க நான் முதுகு வலின்னு சொல்லிட்டு நடக்கணுமா அம்மா?" என்றாள் மகள்.

நோய் வந்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், அப்பாவுக்காகப் பெண்ணே வாய் திறக்க வேண்டிவந்ததற்கு எந்தத் தேறுதலும் கிடைக்கவில்லை. கேம்பேடின் ஒயரைச் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

சில வாரம் அப்படியே போனது. மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து விடுதிக்குப் போய்விட்டாள். வீடு இன்னும் அமைதியாகிவிட்டது. ஒரு கடை விடுமுறை நாளில் மனைவி அலமாரியைத் திறந்து அதை எடுத்து என் மடியில் போட்டாள்.

"ஓட்டுங்க. நான் பாக்கேன்."

"வேண்டாம்."

"ஊரு முழுக்கத் தெரிஞ்சாச்சு. இனி யாரு பாத்தா என்ன?"

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் எப்படி ஓட்டுவேன் என்று அவள் பார்த்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருகிறவனைத்தான் அவளுக்குத் தெரியும். அங்கேயும் ரோடு இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள். இவ்வளவு பச்சை கிடையாது என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அண்ணைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். விழித்தபோது மணலில் கிடந்தேன். பின்னால் வந்த வண்டியின் டிரைவர், ஒரு பாகிஸ்தான்காரர், என் தலையை மடியில் வைத்திருந்தார். நாக்கைக் கடித்திருந்தேன். உடுப்பில் மூத்திரமும் மலமும் போயிருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்தான் தன் வண்டியிலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்து, டயர் மறைவில் என்னைக் கழுவி, தன்னுடைய உடுப்பை எனக்குப் போட்டுவிட்டார். குழந்தைக்குச் செய்கிற மாதிரி செய்தார். நன்றி சொல்லக்கூட நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்த உடுப்பத் திருப்பிக் குடுத்தீங்களா?"

"அலசிக் காயப்போட்டேன். அதுக்குள்ள அவரு வேற லோடுக்குப் போயிட்டாரு."

"குடுத்திருக்கணும்" என்றாள். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் துணிக்கடையில் உள்ளதைச் சொன்னாள். வீட்டில் சும்மாதான் இருக்கிறார், உடம்புக்கு முடியாது, விளையாடிக்கொண்டிருப்பார் என்று. மகளுக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. அந்த வீட்டாருக்கு முதல் போனிலேயே எல்லாம் சொல்லிவிட்டோம். சொன்னது நான்தான். பாதியில் தண்ணீர் குடித்தேன், ஆனால் முழுசாகச் சொன்னேன்.

இப்போது வாசல் கதவைத் திறந்து போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் கேட்டில் யாராவது கை வைக்கும் சத்தம் கேட்டால், என் வலது கை என்னைக் கேட்காமலே திரையை அணைக்கப் போய்விடுகிறது. பாதி தூரம் போனபிறகுதான் அதை இழுத்துக்கொள்கிறேன்.