என் நம்பரிலிருந்து வந்த படங்கள்

கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மதிய இடைவேளையில், உடன் வேலை பார்த்த டீச்சரின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "எனக்கு வர வேண்டிய ஓடிபி உங்களுக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்க." அனுப்பினேன். அவள் கணக்கை ஏற்கெனவே எவனோ பிடுங்கியிருந்தான். அடுத்த நிமிடம் என்னுடையதும் அவன் கைக்குப் போனது.

சாயங்காலத்துக்குள் பெற்றோர் குழுவில் என் பெயரில் ஆபாசப் படங்கள் வந்து விழுந்தன.

மறுநாள் தாளாளர் என்னை நிற்க வைத்தே கேட்டார். "நம்பர் உங்களுதுதானே?"

"ஆமாங்க சார், ஆனா..."

"போன் உங்க கையில இருக்குது. லாக்கு உங்க விரல்ல இருக்குது. வேற எவன் வந்து அனுப்புவான்?"

கம்ப்யூட்டர் ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "போனை யாராச்சும் எடுத்தாத்தான் சார் முடியும்" என்றார். தன் கணக்கும் பறிபோனதைச் சொல்லியிருக்க வேண்டிய அந்த டீச்சர், நோட்டுகளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். என் சாப்பாட்டுப் பையை ஆயா கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து கொடுத்தாள்.

வேங்கிக்காலில் என் கணவரின் ஆபீஸ் ஆட்களுக்கும் படங்கள் போயிருந்தன. வீட்டுக்கு வந்ததும் என் போனைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினார். சிம்மை ஒடித்தார். போன் செத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நானும் நம்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் போனுக்கே என் பெயரில் ஒரு படம் வந்தது.

"பாருங்க, நான் இல்லீங்க! என்கிட்ட போனே இல்லியே!" கிட்டத்தட்ட சந்தோஷமாகக் கத்தினேன்.

"இன்னொரு போனை எங்கடி ஒளிச்சு வெச்சிருக்க?"

அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்தார். மெத்தையைக் கிழித்தார். மகளின் ஸ்கூல் பையையும் உதறினார்.

சைபர் கிரைம் பிரிவில் ஒரு பெண் போலீஸ்தான் முதலில் என்னை நம்பினார். "ஓடிபி குடுத்தப்பவே உங்க கணக்கு அவன் போனுக்குப் போயிடுச்சும்மா. சிம்மை ஒடிக்காம இருந்திருந்தா சீக்கிரமே திருப்பி வாங்கியிருக்கலாம்." கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "அதுவும் பொம்பளைதானே, உனக்குத்தான் பேசும்" என்றார்.

அதே நம்பருக்குப் புதிய சிம் வாங்கிக் கணக்கை மீட்ட பிறகு, புகார் ரசீதோடு தாளாளரைப் பார்த்தேன். "நான் நம்புறேன் மேடம். பேரண்ட்ஸ் நம்பணுமில்ல?" என்று ரசீதை என் பக்கமே தள்ளினார்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போதும் கணவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கையை நீட்டுவார். போனைக் கொடுத்துவிட்டு நான் டீ போடப் போவேன்.