கடைக்குள் இருந்த கடல்

இது கட்டுக்கதை இல்லை. வன்னியில், விசுவமடுவில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுதான் வரும் என்று யாராவது சொன்னால், அவர்களைக் கமலேஸ்வரியின் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அன்று அங்கே வீடியோ பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்கள். மிச்சப் பேர் சிரித்து மழுப்புவார்கள். சிரிக்கும்போது அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

1999ஆம் ஆண்டு, மாரி தொடங்கக் கொஞ்சம் முன்னால். கமலேஸ்வரிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிரேமிளா கலியாணம் கட்டிக் கனடாவில் இருந்தாள். நடுவிலான் ரஜிதன் களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி அக்காவிடம் போகப் புறப்பட்டு இரண்டு வருடம். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் நிற்கிறான் என்று ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு மூச்சுப் பேச்சில்லை. எப்போது கேட்டாலும் ஏஜென்சிக்காரன் ஒரே பாட்டைத்தான் பாடினான். "பிள்ளை வழியில நிக்கிறார் அம்மா. யோசிக்காதேங்கோ."

கடைக்குட்டி யதுர்ஷன். அவனையும் அதே ஏஜென்சிக்காரனோடு அனுப்பத்தான் கமலேஸ்வரி முடிவெடுத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. போர் நடந்த அந்த நாளில் வன்னியில் வளர்ந்த பெடியனை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் நிம்மதியாகப் படுத்தாள்? வன்னியை விட்டு வெளியே போகிற பாஸ் கிடைத்துவிட்டது. பாஸ்போட்டும் வந்துவிட்டது. பையைக் கட்டி அறை மூலையில் வைத்தாயிற்று. வருகிற கிழமை பயணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மத்தியானம் சோறு வடித்தவுடன் கமலேஸ்வரி ரஜிதனுக்கு ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, மூடி, குசினியில் வைப்பாள். பிள்ளை வந்தால் பசியோடுதானே வருவான். அதை யாரும் பிழை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு கோப்பை இருந்தது. ஆனால் பெண்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் கவனமாகக் காத்தார்கள். இருக்கிறானோ இல்லையோ தெரியாதவனுக்குச் சோறு வைக்கலாம். பெயர் சொல்லி உள்ளே கூப்பிடக்கூடாது. இல்லாதவனாக இருந்தால் வந்துவிடுவான்.

பக்கத்துக் காணி சுப்பம்மா இதை அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். கலவரத்தோடு மலைநாட்டை விட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய பெண் அவள்.

"சோறு வைங்கக்கா, வேணாங்கல. வாய் தவறிக்கூட வான்னு சொல்லிராதீங்க."

"என்ர பிள்ளை இருக்கிறான் சுப்பம்மா."

"இருக்கட்டும்க்கா. இருந்தா தானா வரும்."

அந்த நேரத்தில்தான் பிரேமிளா அனுப்பிய வீடியோ கசெற் வந்து சேர்ந்தது. வவுனியாவிலிருந்து யாரோ அரிசிப் பைக்குள் புதைத்துக் கொண்டு வந்தார்கள். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடுகிற செல்வராசா தட்டுமுட்டுச் சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர். தட தட என்று ஊரையே எழுப்பும். அந்தச் சத்தத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தாலும் கேட்காது என்பதால் வீட்டுக்குப் பின்னால் தூரத்தில் அதை வைத்து, வேலியடியில் வீரபாகு அண்ணையை வானம் பார்க்க இருத்தினார்கள். யன்னல்களிலும் வாசலிலும் சேலை கட்டி அறையை இருட்டாக்கினார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே வெயில் கொளுத்தியது.

படம் தொடங்கியது. பிரேமிளா தடித்த கோட்டும் சப்பாத்துமாக நின்று கமராவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, இது ஒரு மோல். எல்லாக் கடையும் ஒரே கூரைக்குக் கீழ. இதைப் பார்க்கவே ஆக்கள் பிளேன் ஏறி வருகினம். ரெண்டு நாள் தங்கிப் பார்த்தாலும் முடியாது."

பார்த்தவர்களுக்கு வாய் மூடவில்லை. சவர்க்காரம் கூட உள்ளே வராமல் அரசாங்கம் தடைசெய்த ஊரில் இருந்துகொண்டு அவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு கடை முழுக்கச் சவர்க்காரம். ஒரு கடை முழுக்க மெழுகுதிரி, அதுவும் வாசனைக்காம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே பனி உறைந்த தரையில் பிள்ளைகள் சறுக்கினார்கள். கப்பல் ஒன்று நின்றது. கடைசியில் ஒரு கடலே வந்தது. மணல், அலை, குளிக்கிற சனம், எல்லாம் கூரைக்குக் கீழே.

"கடைக்குள்ள கடலோ!" என்றான் யதுர்ஷன். "வெளியில பனி, உள்ளுக்குக் கடல். அக்கா எங்களுக்கு விளையாட்டுக் காட்டுறா." எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் கமலேஸ்வரி கத்தினாள்.

"நிப்பாட்டு! செல்வராசா, நிப்பாட்டு! ரஜி... என்ர ரஜி!"

பிரேமிளாவுக்குப் பின்னால், மேல்மாடிக் கம்பி ஓரத்தில் ஒருவன் நின்றான். நீலக் கட்டம் போட்ட சேட்டு. புறப்பட்ட அன்று போட்டிருந்த அதே சேட்டு.

செல்வராசா கசெற்றைப் பின்னால் ஓட்டினான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஓம், ரஜிதன்தான்! யாருக்கும் சந்தேகமில்லை. வீடே எழும்பி நின்றது. யதுர்ஷன் அம்மாவைக் கட்டிப்பிடித்தான். கமலேஸ்வரி அழுதாள், சிரித்தாள், தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக இருந்தது அந்த ஒரு நிமிடந்தான்.

"இனி என்ன பயம்?" என்றாள். "தம்பியும் வருகிற கிழமை அண்ணனிட்டப் போயிடுவான்."

சுப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. ரீவிக்குக் கிட்டப் போய்க் குந்தினாள்.

"அக்கா... அங்க எல்லாரும் சப்பாத்தோட நிக்கிறாங்க. ரஜி தம்பி மட்டும் ஏன் வெறுங்காலோட நிக்குது?"

செல்வராசா மறுபடி ஓட்டினான்.

இந்த முறை ரஜிதன் மேல்மாடியில் இல்லை.

கீழே நின்றான். பிரேமிளாவுக்குப் பின்னால். கை நீட்டினால் தொடலாம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்தது. அவன் விலகவில்லை. பிள்ளையும் விலகவில்லை. நேரே அவனுக்குள்ளால் ஓடி... அந்தப் பக்கத்தால் போனது.

சிரிப்பு நின்றது.

"கசெற் பழுதுபோல..." என்றான் செல்வராசா. குரல் இறங்கிவிட்டது. மூன்றாவது தரமும் ஓட்டினான். ஏன் ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

ரஜிதன் இன்னும் கிட்ட வந்திருந்தான். பிரேமிளாவுக்கு முன்னால். தலைமயிர் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. சேட்டு ஈரமாக இருந்தது. நாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டு விழுகிற சத்தம் கேட்டது.

ஜெனரேற்றர் இரைச்சலுக்குள்ளும் கேட்டது.

"கிபிர்! கிபிர்!" வேலியடியில் வீரபாகு அண்ணை கத்தினார். செல்வராசா பின்பக்கம் ஓடி ஜெனரேற்றரை நிறுத்தினான். சனம் விழுந்தடித்துப் பங்கருக்குள் பாய்ந்தது. யதுர்ஷன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். வாசல்வரை வந்த கமலேஸ்வரி, கையை உதறிக்கொண்டு நின்றாள்.

முதுகில் வெளிச்சம் விழுந்தது.

திரும்பினாள்.

ஜெனரேற்றர் நின்றுவிட்டது. படம் நிற்கவில்லை.

பிரேமிளா இல்லை. பிள்ளைகள் இல்லை. அவ்வளவு பெரிய மோலில் ஒரு மனிதர் இல்லை. கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. அந்தக் கடல் மட்டும் இருந்தது. சளக்... சளக்... இடுப்பளவு தண்ணீரில் ரஜிதன் நின்றான். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி அசைந்தது.

கமலேஸ்வரி ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? பிள்ளை குளிரில் நடுங்குவது தெரிந்தது. இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்தது வாயில் வந்துவிட்டது.

"ரஜி... உள்ளுக்கு வா அப்பன். வந்து சாப்பிடு."

ரீவி அணைந்தது.

இருட்டு.

பிறகு... அறைக்குள்.

சளக்.

பச்சைக் கடல் மணம். அவளைக் கடந்து ஏதோ போனது. கையில் குளிர் பட்டது. திரும்ப முடியவில்லை. கழுத்து மரத்துவிட்டது.

குசினியில் மூடி விழுந்து உருண்டது.

சளக்... சளக்... அறைப் பக்கம்.

பையின் சிப் திறக்கிற சத்தம். மெதுவாக.

பிறகு ஒன்றுமில்லை.

விமானம் குண்டு போடாமல் போய்விட்டது. சனம் திரும்பி வந்தபோது கமலேஸ்வரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். நினைவு இருந்தது. பேச்சு வரவில்லை. செல்வராசா தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினான், ஜெனரேற்றரைத் தான் நிறுத்திவிட்டுத்தான் ஓடியதாக. அவன் சத்தியம் பண்ணவே தேவையில்லை. ஈரக் கால் தடம் ரீவியடியில் தொடங்கிக் குசினிக்குப் போய், அங்கிருந்து அறை மூலைக்குப் போயிருந்தது. கோப்பை வெறுமையாக இருந்தது. யதுர்ஷனின் பயணப் பையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

சுப்பம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புக் கரிக்குது."

விசுவமடுவில் கடல் இல்லை. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்.

யதுர்ஷன் பைக்குள்ளிருந்து பாஸ்போட்டை எடுத்தான். தாள் எல்லாம் ஒட்டிப்போயிருந்தன. எழுத்து கரைந்திருந்தது. படம் ஒட்டிய பக்கத்தை மெதுவாகப் பிரித்தான். சேட்டுக் கொலர் தெரிந்தது. கழுத்து தெரிந்தது. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

பயணம் நின்றது. ஏஜென்சிக்காரன் கொழும்பிலிருந்து ஆள் விட்டுத் திட்டினான். மற்றச் சனத்தை ஏற்றியாயிற்றாம், இவனுடைய இடம் சும்மா போகிறதாம். கமலேஸ்வரி அவனுக்கும் மறுமொழி அனுப்பவில்லை, பிரேமிளாவுக்கும் எழுதவில்லை. செல்வராசா அந்தக் கசெற்றைத் தன் வீட்டில், பகலில், நாலு பேரை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தான். பிரேமிளா இருந்தாள். கடைகள் இருந்தன. ரஜிதன் எங்கேயும் இல்லை.

மாரி முடிந்து, பிரேமிளா அவசரமாகக் கதைக்க வேண்டும் என்று தகவல் வந்தது. கமலேஸ்வரி பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனாள். யதுர்ஷனையும் கூட்டிப் போனாள். தொலைபேசிக் கடையில் காத்திருந்து, மணி அடித்ததும் எடுத்தாள். அந்தப் பக்கம் பிரேமிளா அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா... தம்பி எங்களை விட்டுப் போட்டானம்மா. ஆபிரிக்காக் கரையில போட் கவிண்டு போச்சாம். யதுர்ஷன் அதில ஏறினவன் எண்டு அங்க நிண்ட ஏஜென்சி ஆள் சொல்லுறான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? தம்பி இஞ்ச எனக்குப் பக்கத்தில நிக்கிறான்."

யதுர்ஷன் ரிசீவரை வாங்கி, "அக்கா" என்றான்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. கமலேஸ்வரி ரிசீவரைத் திரும்ப வாங்கினாள்.

"அப்ப அது ஆரம்மா?" என்றாள் பிரேமிளா. "தப்பி வந்த சுகந்தினி எண்ட பிள்ளை என்னோட கதைச்சவா. கடைசி நேரத்தில நீலக் கட்டச் சேட்டோட ஒரு பெடியன் கரையில நிண்டவனாம். ஏஜென்சி ஆள் பேர் கேக்க யதுர்ஷன் எண்டு சொன்னவனாம். வெறுமையாக் கிடந்த இடத்தில ஏறி இருந்தவனாம். போட் கவிழேக்க அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பலகையில விட்டதும் அவன்தானாம்."

கமலேஸ்வரி மற்றக் கையால் யதுர்ஷனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் குழறினவையாம் அம்மா. அவன் மட்டும் பயப்படேல்லையாம். உனக்குப் பயமில்லையோ எண்டு சுகந்தினி கேட்டவாவாம்."

"என்ன சொன்னவனாம்?"

"'எனக்கு இந்தக் கடல் பழக்கம்' எண்டு சொன்னவனாம்."