வேப்பிலைக்காக மலை இறங்கியது

போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் ஊறிய வாசனை சுவரைத் தாண்டி வந்தது. எல்லோருக்கும் அது நல்ல வாசனை. எனக்கு மட்டும் ஆகாது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பது வயதுக்காரன் வேப்பிலைக்குப் பயப்படுகிறான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள்.

அப்போது நான் சின்னமனூருக்கு மேலே, மலையில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். குளிருக்கும் அமைதிக்கும் ஆசைப்பட்டு வந்த வெள்ளைக்காரர்கள் ஐந்தாறு பேர் அங்கே வீடு பிடித்து வருஷக்கணக்கில் தங்கியிருந்தார்கள். டீக்கடையில் யாராவது பாலும் சர்க்கரையும் இல்லாமல் காப்பி கேட்டால்கூட எங்கள் ஊரில் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ராவுத்தர் கடையில் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே சீஸ் இருக்கும். எந்த நாற்றம் எதனுடையது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான் மார்த்தா அம்மா வீட்டில் தோட்ட வேலை. என் வீட்டுக்காரி சமையல். மார்த்தா அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், தனி ஆள். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும். எனக்கு இங்கிலீஷ் அதுவும் கிடையாது. படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழிலேயே நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வேண்டிய சாமானை அவர் சீட்டில் எழுதித் தருவார், நான் ராவுத்தரிடம் நீட்டுவேன், அவர் படித்துக் கட்டித் தருவார். வாயே திறக்க வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

ஒரு நாள் மார்த்தா அம்மாவுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுநாள் வயிறெல்லாம் சிவப்புப் பொட்டு. வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா இறங்கியிருக்கா. காய்ச்சல்னு வாயால சொல்லிராதீக. மருந்து மாத்திரைன்னு கிளம்பிராதீக."

அம்மை கண்ட வீட்டுக்காரன் இன்னொரு வீட்டு வாசலையோ கடை வாசலையோ மிதிக்கக் கூடாது. வீட்டில் தாளிப்பு நின்றது. வேப்பிலை வேண்டும், மலைக் குளிரில் வேம்பு வளராது. கீழே போய்த்தான் ஒடித்து வர வேண்டும். நான் கிளம்பும்போது மார்த்தா அம்மா ஒரு சீட்டைக் கையில் திணித்தார். "ராவுத்தர்… சீக்கிரம்" என்றார். ரொட்டியோ வெண்ணெயோ கேட்கிறார், ஆத்தா வந்த வீட்டில் அதெல்லாம் ஆகுமா என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கீழே எனக்கு அகப்பட்ட வேப்பமரம் ஆஸ்பத்திரிக்கு எதிரே நின்றது. வாசலில் நின்ற நர்ஸம்மா என்னையே பார்த்தார். கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேப்பிலையில் படுக்க வைத்தோம், இளநீர் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அவர் பாஷையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்நிய நாட்டு மனுஷி நம் கையில் போய்விட்டால்? போலீஸ் கேட்டால் எந்த வாயால் பதில் சொல்வேன்? கடைக்கு ஓடினேன். ஆனால் படியேறாமல் தெருவிலேயே நின்றேன். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போனது. சீட்டை நீட்டினேன்.

ராவுத்தர் இறங்கி வந்து வாங்கிப் படித்தார். முகம் மாறியது.

"ஏலே, இதை என்னைக்குலே குடுத்தாக?"

"மூணு நாளாச்சு மாமா."

"சாமான் சீட்டு இல்லலே, பாவி! டாக்டரக் கூட்டியாரச் சொல்லி எழுதியிருக்காக!"

ராவுத்தர் பிடித்து வந்த ஜீப்பில் மார்த்தா அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். சில வளைவுகளில் வரவில்லை என்றே தோன்றியது. அதே ஆஸ்பத்திரிதான். டாக்டர் முழங்காலுக்குப் பின்னால் பீடி சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கைக் காட்டினார்.

"அம்மையாவது ஒண்ணாவது. புதர்ப் பூச்சி கடிச்ச காய்ச்சல். இத்தனை நாள் என்னய்யா செஞ்ச?"

ராவுத்தர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மலையில வண்டி கிடைக்கலங்க" என்றார். அந்தப் பொய்யை அவர் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை.

மார்த்தா அம்மா பிழைத்தார். இளைத்துத் திரும்பி வந்தவர் என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, "நன்றி, நன்றி" என்று அழுதார். சீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். எந்தப் பாஷையில் சொல்வது?

மறு வருஷம் விசா முடிந்து அவர் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த வீடுகளில் இப்போது சனி ஞாயிறு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் கலர் விளக்கு எரிகிறது. ராவுத்தர் மவுத்தாகி, கடையும் இல்லை. நாங்களும் கீழே வந்துவிட்டோம்.

வருஷத்துக்கு ஒன்று மார்த்தா அம்மாவிடமிருந்து கடிதம் வரும். "படிச்சுச் சொல்லவாப்பா?" என்பாள் இங்கிலீஷ் படித்த என் மகள். "இருக்கட்டும் தாயி" என்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவேன். அந்தச் சீட்டைப் பற்றிய கேள்வி உள்ளே இருந்தால் என்ன செய்வது?

மூன்று வருஷமாகக் கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பியதும் இப்போது நானே எழுந்து வெளியே வருகிறேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்.