பம்பாய்க்குப் போகாத ஓணக்கோடி

போதைக் காளானைப் பற்றி எங்கள் கூட்டத்தில் முதலில் படித்தவன் நான். கிழக்கேகோட்டை பிரௌசிங் சென்டரில் ஏழு பக்கம் பிரிண்ட் எடுத்து, இன்ஜினியரிங் காலேஜ் கேன்டீனில் பேராசிரியர் மாதிரி வாசித்துக் காட்டினேன். கெமிக்கல் இல்லை, அடிமையாக்காது, மழைக்குத் தானாக முளைப்பது. கொடைக்கானல் போவதென்று அன்றே முடிவாயிற்று.

கடைசிப் பக்கத்தையும் நான் மறைக்கவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் தொடவே கூடாது என்று அதில் இருந்தது. பஸ்ஸில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். என் நண்பனிடமும் கேட்டேன். ஆரியசாலையில் மொத்த மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன் அவன். நாஞ்சில் நாட்டுக் குடும்பம். ஓணத்துக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் கோடித்துணி எடுப்பார்கள். எனக்கு ஒரு சட்டை, பம்பாயில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு ஒரு வேட்டி.

"ஒன்னயக் கூட்டுக்காரனா வச்சிருக்கேம்லா அளியா, அந்தக் கிறுக்கு போராதா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அங்கே நான்கு பேரும் காளானைத் தின்றோம். அவனைத் தவிர நாங்கள் மூன்று பேரும் வாந்தி எடுத்தோம். சுவர் மூச்சுவிடுவதைப் பார்த்தோம், செத்துவிடுவோம் என்று பயந்தோம், மறுநாள் பசியோடு எழுந்தோம். அவனுக்கு மட்டும் அது ஓயவில்லை.

ஊர் திரும்பிய பிறகும், ஓடுகிற பஸ்ஸின் சிவப்பு அதன் பின்னால் வால் போல இழுபடுவதாகச் சொன்னான். பிறகு, சாலைக் கடைத்தெருவில் சுமைதூக்குகிறவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். தூக்கம் போயிற்று. அம்மா போட்ட சோற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளினான். நான் மறுபடியும் பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். எனக்கு வேண்டிய வரி கிடைக்கும்வரை தேடினேன்.

"தானா சரியாயிரும்டே."

"உறப்பா?"

"உறப்பு."

மூன்று வாரம் இதையே நிச்சயமாகச் சொன்னேன்.

பிறகு அவன் அப்பாவும் நானும் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனோம். "வீட்டில் ஆர்க்கெங்கிலும் மனசின்றெ அசுகம் உண்டாயிருந்நோ?" என்று டாக்டர் கேட்டார். குடும்பத்தில் யாருக்கும் மனநோய் இருந்ததில்லை என்றார் அப்பா. ஏதாவது உட்கொண்டானா என்று என் பக்கம் திரும்பினார். இல்லை என்றேன் நான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் பொய் சொன்னோம், நடுவில் அவன்.

இன்னொரு வாரம் கழித்து, அவனை அங்கேயே சேர்த்துவிட்ட பிறகுதான், என் வாயிலிருந்து காளான் வந்தது. அதைக் கேட்டதும் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். சித்தப்பா பம்பாயிலே இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரு மனநோய்க் காப்பகத்தில் இருக்கிறார். ஓணக்கோடியை அப்பாதான் வருஷாவருஷம் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

"வீட்டுல பொட்டப்பிள்ள இருக்குல்லா. வெளிய தெரிஞ்சா ஆரு கெட்டுவா?"

டாக்டர் யாரையும் திட்டவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது, இரத்தத்தில் இருந்தால் ஆபத்து அதிகம் என்றார். காளான் இல்லாமலும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அந்த வாக்கியத்தை நான் இன்னும் தாண்டவில்லை.

நாகர்கோவில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த அவன் தங்கைக்கு, அண்ணனுக்குத் திடீரென்று பம்பாயில் வேலை கிடைத்ததாகச் சொன்னார்கள். "நீயும் அப்படியே சொல்லு மக்களே," என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால், லீவுக்கு வந்திருந்த அவள் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"அண்ணா, அண்ணனுக்க பம்பாய் நம்பர் இருந்தாத் தாங்க. அடுத்த மாசம் எங்களுக்கு டூர், கொடைக்கானல். எங்கெல்லாம் போணும்னு கேக்கணும். பெரிய ஆளாயிட்டான், அப்பாட்ட குடுத்தனுப்புத லெட்டருக்கு பதிலே போடமாட்டான்."

சரி என்று அவள் அம்மாவிடம் சொன்ன வாய்தான். திறந்தபோது வேறு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப சித்தப்பா?"

"சித்தப்பாவும் பம்பாயில இல்ல."

சாத்தியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "அப்ப எனக்கும் வருமாண்ணா?" என்றாள்.

"வரணும்னு இல்ல. ஆனா நீ அதத் தொடப்படாது. அதுக்குத்தான் சொன்னேன்."

மறுநாள் அவள் அப்பா என் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. "இனி நீ அங்க வரண்டாம். ஆசுபத்திரிக்கும் வரண்டாம்." அவ்வளவுதான் பேசினார். அந்த ஓணத்துக்கு எனக்குக் கோடி வரவில்லை. அவர் இரண்டு வேட்டியோடு பஸ் ஏறியதை யாரோ பார்த்துச் சொன்னார்கள்.

ஓணத்துக்கு முந்தின வாரம்தான் அவனை ஆசுபத்திரியில் கடைசியாகப் பார்த்தேன். மருந்தில் நாக்கு தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான்.

"தானா சரியாயிரும்னு சொன்னேல்லா அளியா. எப்பம்?"